பாட்டு வந்தால் பென்சிலைக் கீழே வை

போன வாரம் அருள் என்னைத் தேடிக்கொண்டு கடலூர் முதுநகருக்கு வந்திருந்தான். போலீசில் நான் வேலை பார்த்த பிரிவில் எனக்குப் பின்னால் சேர்ந்த கடைசி சுருக்கெழுத்து நிருபர் அவன்தான். இனிமேல் கூட்டங்களுக்கு வீடியோ கேமரா போதும், நோட்டும் பென்சிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவனைத் தபால் பதிவேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். "எல்லாத்தையும் மூடுறதுக்கு முன்னாடி ஒரு மலர் போடுறோம் சார், உங்க சர்வீஸ்ல நடந்தத சுவாரஸ்யமா எழுதிக் குடுங்க" என்று கேட்டான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொன்றும் சொன்னான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் "மண்ணு எங்கேன்னு காட்டலியே" என்ற பாட்டுக்கு மாணவிகள் குடம் வைத்துக்கொண்டு ஆடினார்களாம். கீழே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் தாளம் போட்டார்களாம்.

"அந்தப் பாட்டு இன்னிக்கு உயிரோட இருக்குதுன்னா அது உங்களாலதான் சார்."

வந்த கோபத்துக்கு அவன் கையிலிருந்த காபி டம்ளரைப் பிடுங்கியிருப்பேன். என் மனைவி இருந்ததால் சும்மா இருந்தேன். ஓய்வு பெற்று நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் என் தலையில் இப்படி ஒரு பூவைச் சுற்றப் பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். சுவாரஸ்யத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியில் டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்றேன். ரேடியோ செய்தி, கதாகாலட்சேபம், தேர்தல் பேச்சு என்று காதில் விழுந்ததையெல்லாம் எழுதிப் பழகி ஹையர் பாஸ் செய்தேன். போலீசில் வேலை என்றதும் வீட்டில் பூரித்துப் போனார்கள். எனக்குக் காக்கியும் கிடையாது, லத்தியும் கிடையாது. ஒரு நோட்டும் நாலு பென்சிலும்தான் கொடுத்தார்கள்.

கூட்டம் எங்கே நடந்தாலும் மேடைக்கு முன்னால் இடது பக்கம் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். கூட்டம் போடுகிறவர்களே அதைப் போட்டு வைப்பார்கள். நான் யார் என்பது ஊருக்கே தெரியும். சில பேச்சாளர்கள் மைக்கைப் பிடித்ததும் "எழுதிக்கோ தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் தொண்டையைச் செருமுவார்கள். நோட்டில் பக்க எண் இருக்க வேண்டும். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம்கூடக் கிழிந்திருக்கக் கூடாது. மறுநாளே முழு எழுத்தில் பெயர்த்து மூன்று படி டைப் அடித்து, கடைசியில் "நானே நேரில் இருந்து காதால் கேட்டு எழுதியது" என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் சம்பளம். கோர்ட்டில் நிற்பது அந்தக் கையெழுத்துதான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பாட்டு வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவோம். இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு மணி நேரம் பேச்சை எழுதினால் விரல் மரத்துப்போகும், பாட்டு வருகிற நேரம்தான் கைக்கு ஓய்வு. டீ வரும், முனை சீவலாம், அண்ணாந்து பார்க்கலாம். அறிக்கையில் "இடையில் ஒரு பாட்டு பாடப்பட்டது" என்று ஒரே வரி. என்ன பாட்டு என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் கன்னியம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கிள்ளைப் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் முப்பது நாற்பது இருளர் குடும்பங்கள் இருந்தன. கழுத்தில் மீன் போடும் பறியைத் தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். சுனாமிக்குப் பிறகு அவர்களுக்கு மேட்டு நிலத்தில் வீட்டு மனைப் பட்டா கொடுத்தார்கள். மேடை போட்டு, போட்டோ பிடித்துத்தான் கொடுத்தார்கள். பட்டாவில் சர்வே எண் இருந்தது. அந்த எண்ணுக்கு உரிய மண் எது என்று மட்டும் யாரும் அளந்து காட்டவில்லை. இவர்களே விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது அங்கே ஒருவருடைய இறால் பண்ணை இருந்தது. நாலு பக்கமும் கரை, மோட்டார், காவலுக்கு ஒரு நாய்.

பட்டா வேறு, அளந்து காட்டுவது வேறு என்பது எனக்கு நன்றாகவே தெரியும். முதுநகரில் எங்கள் அப்பாவுக்கு மூன்று சென்ட் கொடுத்தபோது ஆள் வந்து சங்கிலி பிடித்து அளந்து காட்டினார்கள். அன்று மாலையே அப்பா நாலு மூலையிலும் கல் நட்டார். அந்த நாலு கல்லுக்குள் இருந்து படித்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். தெரிந்திருந்தும்தான் இதையெல்லாம் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர்கள் சிதம்பரத்தில் ஓர் ஆபீஸ் வாசலில் வாராவாரம் மனு வாங்கும் நாளில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. எந்த ஆபீஸ் வாசலிலும் நடக்கக்கூடியதுதான். முதல் கூட்டத்தில் அவர்களுடைய சங்கத்து இளைஞர் ஒருவர் சூடாகப் பேசினார். எழுதிக் கொடுத்தேன், வழக்கு வந்தது. இரண்டாவது கூட்டத்தில் இன்னொருவர் பேசினார், அவருக்கும் வந்தது. மூன்றாவது கூட்டத்தில் நாற்பது வயது இருக்கும் இந்தக் கன்னியம்மா எழுந்து நேராக என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"பென்சில கீழ வெச்சுட்டீங்களா சார்? அப்ப நான் பாடலாமில்ல?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பென்சில் நிஜமாகவே நோட்டின் மேல் கிடந்தது.

அன்று முதல் அவர்கள் கூட்டத்தில் பேச்சு என்பது வணக்கமும் நன்றியும்தான். எந்த ஆபீசில் யார் எத்தனை முறை நாளைக்கு வா என்றார், யார் ஃபைலைக் காணவில்லை என்றார், சர்வே எண் என்ன, பண்ணைக்காரர் யார், எல்லாம் பாட்டில் வந்தது. கன்னியம்மா ஓர் அடி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

பட்டா குடுத்தீங்க பொட்டியில வெச்சிருக்கோம்
மண்ணு எங்கேன்னு காட்டலியே சாரே
மண்ணு எங்கேன்னு காட்டலியே

இது பல்லவி. இது மட்டும்தான் மாறாது. மற்ற அடிகள் வாராவாரம் புதிதாக வரும். சாதிச் சான்று கேட்டு அவர்களை அலைக்கழித்த வாரத்தில் இப்படிப் பாடினார்:

எங்க எடத்துல எறாலு குடியிருக்கு
எறாலுகிட்ட சாதிச் சான்று கேட்டீங்களா சாரே
எந்தத் தாசில்தாரு கையெழுத்துப் போட்டாரு

நான் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்திருக்கிறேன். பாட்டு மெல்லப் பரவியது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் கூட்டத்துக்குப் போனால், அங்கே இருந்தவர்கள் இறாலை எடுத்துவிட்டு முந்திரித் தோப்பை வைத்துப் பாடினார்கள். சேத்தியாத்தோப்பில் கரும்புக் கொல்லை வந்துவிட்டது. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் ஆள் பெயர், அந்த ஊர் நிலம். எல்லா ஊரிலும் நிருபர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் எழுதாமல் விட்ட இடத்தில்தான் அந்தப் பாட்டு வளர்ந்தது.

அப்போது எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் வேண்டாம். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மேஜையில் ஒரு வெந்நீர் பிளாஸ்க், ஒரு மர ஸ்கேல், ஒரு சிவப்புப் பேனா. வேறு எதுவும் இருக்காது. என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் எல்லோரும் அவருக்குத் தம்பிதான். நாங்கள் டைப் அடித்துக் கொடுப்பதை நின்றுகொண்டே படிப்பார். வழக்குப் போடத் தகுந்த வரி வந்தால் உட்காருவார். ஸ்கேலை வைத்து அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுப்பார். கோடு எழுத்தின் மேல் பட்டுவிட்டால் அந்தப் பக்கத்தையே மறுபடி அடித்துவரச் சொல்வார். கோடு சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு.

பண்ணைக்காரர் அவரிடம் புகார் கொடுத்திருந்தார். தன்னையும் தன் பண்ணையையும் மிரட்டிப் பாட்டுப் பாடுகிறார்களாம். இன்ஸ்பெக்டர் என்னையும் என்னோடு இருந்த இன்னொரு நிருபரையும் கூப்பிட்டார். என் அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஒரு பாட்டு பாடப்பட்டது, ஒரு பாட்டு பாடப்பட்டது. பதினோரு பாட்டு. ஒண்ணாச்சும் என்னா பாட்டுன்னு தெரியுமா தம்பி?"

கூட இருந்தவர் உடனே, பாட்டைச் சுருக்கெழுத்தில் எடுக்க முடியாது, சொல்லை இழுத்து இழுத்துப் பாடுவார்கள், அடையாளம் நிற்காது என்றார். அதுதான் சரியான பதில். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு நான் வெளியே வந்திருக்கலாம். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இத்தனை வருட சர்வீசில் உனக்கு என்ன தெரியும் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கொழுப்பு.

"முடியும்ங்க ஐயா" என்றேன்.

அவர் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். அவர் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எடுத்துக் குடித்தேன்.

பத்து நாள் வீட்டில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து சினிமாப் பாட்டாக எழுதிப் பழகினேன். இழுக்கிற இடத்துக்கு மேலே ஒரு நீளக் கோடு, பல்லவி திரும்பி வந்தால் ஒரு சுழி, கூட்டம் திருப்பிச் சொல்வதற்கு ஒரு புள்ளி என்று நானே அடையாளங்கள் வைத்துக்கொண்டேன். எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் இல்லாத முறை. இதற்கு என் பெயரையே வைக்கலாம் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

அடுத்த கூட்டம் வந்தது. கன்னியம்மா எழுந்தார். வழக்கம்போல என்னைப் பார்த்தார். நாலு பென்சிலையும் நோட்டின் மேல் வரிசையாக வைத்து, நோட்டைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். டீ டம்ளரைக்கூட அதன் மேல் வைத்தேன். அவர் சிரித்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். என் மடியில் தோல் பை இருந்தது. பைக்குப் பின்னால் ஒரு சின்ன நோட்டும் இரண்டு அங்குலத் துண்டுப் பென்சிலும் இருந்தன. பைக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். இறால், காவல் நாய் என்று பழைய அடிகளையும் சேர்த்து இருபத்திரண்டு நிமிடம் பாடினார். ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

அன்றைக்கு அவர் புதிதாகக் கட்டியிருந்த அடி இது:

கரைய ஒடைச்சுக் கடல உள்ள வுடுவோம்
அளந்து காட்ட ஆளு இல்லன்னா சாரே
கடலு வந்து அளந்து காட்டட்டும்

சுனாமியில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த அடியை அவர்கள் திருப்பிச் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை. நான் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் அந்த மூன்று வரிக்கும் கோடு இழுத்தார். கோடு எந்த எழுத்தின் மேலும் படவில்லை. "நல்ல வேலை தம்பி" என்றார். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைத்தால் நான் எழுதுகிற மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள் காலையில் கன்னியம்மா உப்பங்கழியிலிருந்து கரையேறும்போது பிடித்தார்கள். ஈரப் புடவையோடு, பறி கழுத்தில் தொங்க வண்டியில் ஏற்றினார்களாம். பதினேழு நாள் ரிமாண்டு. வெளியே வந்ததும், ஒரு வருடத்துக்கு எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். நிலம் கேட்டவருக்கு அதுவரை அரசாங்கம் கொடுத்த காகிதம் இரண்டு. ஒன்று மண் இல்லாத பட்டா, இன்னொன்று இது.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், ஒரு நாள் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். பாட்டைப் படிக்கச் சொன்னார்கள். ராகம் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது மாதிரி படித்தேன். இறாலுக்குச் சாதிச் சான்று என்று நான் வாசித்தபோது பின்னால் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். கன்னியம்மாவின் வக்கீல் ஒரு சின்னப் பெண். அவர் சட்டம் எதுவும் பேசாமல் என்னிடம் ஒரு விஷயத்தை மட்டும் கேட்டார்.

"பாட்டு ஆரம்பிச்சப்ப உங்க பென்சில் எங்க இருந்தது?"

கையில் என்றேன். அது உண்மைதான்.

"எல்லாப் பென்சிலுமா?"

எதிர்க் கூண்டில் நின்றபடி கன்னியம்மா என்னையே பார்த்தார். "நினைவில்லை" என்றேன். எத்தனையோ வருடம் காதால் கேட்டதை மட்டுமே எழுதிப் பிழைத்தவன், சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய் அது.

கூண்டிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு வந்தேன். அவரும் வந்தார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். கோபமே இல்லாமல் சொன்னார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஒண்ணு வுடல."

வண்டிச் சாவியைத் தேடுகிறவன் மாதிரி பையைத் துழாவிக்கொண்டு நின்றேன். மறுபடியும் அதே பை.

கடைசியில் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். கரையை யாரும் தொடக்கூட இல்லையே, பின்னே என்ன குற்றம்? ஆனால் அதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. பாட்டையும் எழுதுகிறார்கள் என்ற செய்தி ஊர் ஊராகப் போய்விட்டது. குறிஞ்சிப்பாடியில் முந்திரித் தோப்பு பாட்டிலிருந்து போனது, சேத்தியாத்தோப்பில் கரும்பு போனது. ஆள் பெயர் சொல்ல எல்லோருக்கும் பயம். பல்லவியை மட்டும் இரண்டு தடவை பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இறால் பண்ணை இருந்த இடத்தில் இருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அருள் சொன்னது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வழக்குக் கட்டோடு என் அறிக்கையின் நகல் வக்கீலுக்குப் போயிற்று. அதை ஜெராக்ஸ் எடுத்து அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடம் போகிற பெண்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் அதைப் படித்துப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். அங்கிருந்து கல்லூரிக்குப் போனது. கல்லூரிக்காரர்கள் கடல் வரும் அடியை வெட்டிவிட்டுக் குடத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். விழா அழைப்பிதழில் பழங்குடி நடனம் என்று போட்டிருந்ததாம்.

உங்களாலதான் என்கிறான். நான் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பாட்டுக்குக் காகிதம் தேவைப்பட்டதா? வாரம் ஒரு புது அடியோடு நடமாடிக்கொண்டிருந்த பாட்டு அது. நான் திருடிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே நின்றுபோய்விட்டது. அதில் வருகிற காவல் நாய் செத்தே இருக்கும், இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது. திருட்டுப் பொருள் திருடன் வீட்டில் பத்திரமாக இருந்தது என்று திருடனுக்கு மாலை போடுவார்களா?

என் கடைசி டியூட்டியைச் சொல்லி முடிக்கிறேன். தானே புயலில் அவர்கள் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்தத் தடவை கடலூருக்கே வந்து ஓர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். எனக்கு இன்னும் ஒரு மாதம்தான் சர்வீஸ் பாக்கி. என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் முக்காலியில் கேமரா வைத்துக்கொண்டு நின்றார். மூன்று பெண்கள் ஜெராக்ஸ் காகிதத்தைப் பார்த்துப் பாடினார்கள். இன்ஸ்பெக்டர் இழுத்த கோடுகள் அந்தக் காகிதத்தில் கறுப்பாக விழுந்திருந்தது எனக்குத் தெரிந்தது. கன்னியம்மா அவர்களோடு சேர்ந்து பாடவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது.

அந்தப் பெண்கள் பாடி முடித்ததும், "நீ ஒண்ணு பாடு" என்று கூட்டத்தில் கேட்டார்கள். அவர் எழுந்தார். என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். நாலு பென்சிலையும் நோட்டின் மேல் வைத்தேன். இந்தத் தடவை நிஜமாகவே வைத்தேன். அவர் பென்சிலைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தார்.

"மடியில இருக்கறதையும் வெச்சுடுங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். மடியில் ஒன்றுமில்லை, பை நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிக் கேமராவைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் உதடு ஒரு முறை அசைந்தது. புது அடி ஒன்று வைத்திருந்தார், எனக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

அருள், மலரில் போடுவதென்றால் முழுதாகப் போடு. இதில் எந்த வரியையும் வெட்டாதே. அன்றைய அறிக்கையில் கடைசி வரியாக நான் எழுதியது இதுதான்: "கன்னியம்மா என்பவர் பாட எழுந்தார். பாடவில்லை." அதற்குக் கீழே, வழக்கம்போல, நானே நேரில் இருந்து காதால் கேட்டு எழுதியது என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.